ஆள் இருக்கு, கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை

இளைஞர்களை நாலு வருஷத்துக்கு மட்டும் படையில் சேர்க்கிற அக்னிபத் திட்டத்தை அறிவித்தது 2022 ஜூன் 14 அன்று. அன்று சாயங்காலமே எங்கள் பழைய ஏர்மேன்கள் (அதிகாரி அல்லாத விமானப்படை வீரர்கள்) வாட்ஸப் குழுவில் சண்டை ஆரம்பித்துவிட்டது. வருஷங்கள் ஓடிவிட்டன, இன்னும் தீர்ந்தபாடில்லை. ஓய்வூதியம் போச்சு என்று ஒரு கட்சி. படை இளமையாகும், நல்லதுதானே என்று இன்னொரு கட்சி. நாலு வருஷத்தில் வெளியே வருகிற பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒருத்தர் கேட்டார். அதற்கு மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்து சிரித்தது. நான் பெரும்பாலும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் எல்லோரும் பேசிவிட்டார்கள், ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தொடவில்லை என்ற எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆள் எண்ணிக்கை நிறைவதும் அனுபவம் நிறைவதும் ஒன்றல்ல என்பது. அதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமானப்படையில் கிளார்க். கிளார்க் ஜெனரல் டூட்டீஸ் என்பது அப்போது என் ட்ரேடின், அதாவது வேலைப் பிரிவின், பெயர். விமானத்தில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பியதில்லை. விமானத்தைப் பழுதுபார்க்கிற ஃபிட்டர்கள் எங்களை 'பேப்பர் ஃபோர்ஸ்' என்று கிண்டல் செய்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பேப்பரில்தான் ஒரு ஏர்மேனின் மொத்த வாழ்க்கையும் ஓடுகிறது. கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், பதவி உயர்ந்தால், லீவு எடுத்தால், தண்டனை வாங்கினால், எல்லாவற்றையும் பி.ஓ.ஆர். என்று ஒரு அறிக்கையில் ஏற்றி டெல்லி சுப்ரத்தோ பார்க்கில் இருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவோம். பி.ஓ.ஆரில் வராத கல்யாணம் விமானப்படையைப் பொறுத்தவரை நடக்காத கல்யாணம். அங்கிருந்துதான் போஸ்டிங் ஆர்டர்களும் வரும். சர்வீஸ் நம்பர், ராங்க், பெயர், ட்ரேடு, எங்கிருந்து எங்கே. ஒரே வரி. அந்த வரியை நம்பித்தான் நாங்கள் பெட்டி கட்டினோம்.

இதோடு இன்னொரு வேலையும் எங்கள் மேஜையில் இருந்தது. யூனிட்டுக்கு ஒவ்வொரு ட்ரேடிலும் எத்தனை பேர் அனுமதி, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் குறைவு என்று பட்டியல் போடுவது. எஸ்டாபிளிஷ்மென்ட், ஸ்ட்ரெங்த், டெபிஷியன்சி என்று மூன்று கட்டம். மேலே இருப்பவர்கள் இந்த மூன்று கட்டத்தைப் பார்த்துத்தான் ஆள் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும். கூட்டினால் சரியாக வரும். உலகத்தில் அப்படிச் சரியாக வருகிற காரியங்கள் குறைவு.

ஒருத்தன் போய் ரெண்டு பேர் வந்தார்கள்

வடக்கே ஒரு தளத்தில் நான் கார்ப்பரலாக இருந்த சமயம். நல்ல குளிர்காலம். விமானத்தின் உடற்பகுதியைப் பார்த்துக்கொள்கிற ஏர்ஃப்ரேம் ட்ரேடில் நெடுநாள் இருந்த ஒரு கார்ப்பரலுக்குப் போஸ்டிங் வந்து அவர் கிளம்பிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு, பயிற்சி முடித்த கையோடு, இரண்டு இளம் பையன்கள் வந்து சேர்ந்தார்கள். என் பட்டியலில் ஏர்ஃப்ரேம் கட்டம் நிறைந்துவிட்டது. பற்றாக்குறை பூஜ்யம். அந்த நேரத்தில் ஏர்ஃப்ரேம் பிரிவின் சார்ஜென்ட், திருநெல்வேலிக்காரர், எங்கள் அலுவலகமான ஆர்டர்லி ரூமுக்குள் வந்தார். ட்யூட்டி நேரத்தில் அவர் எனக்கு சார், கேன்டீனில் அண்ணன். அன்று முகம் சரியில்லை. லீவு விண்ணப்பம் ஒன்றைக் கிழித்துப் போடச் சொன்னார். அவருடைய லீவுதான்.

"என்ன சார், ஆள் வந்தாச்சே. ஒருத்தருக்கு ரெண்டு பேரா வந்திருக்காங்க" என்றேன்.

"ஒருத்தன் போய் ரெண்டு பேர் வந்திருக்காங்கன்னு நீ எழுதுத. என் கணக்குல ரெண்டு பேர் குறைஞ்சிருக்கு தம்பி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். போனவன் கையெழுத்துப் போடத் தகுதி உள்ளவன். அவன் போனதில் ஒன்று குறைவு. வந்த பையன்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் இந்த விமானத்தில் தனியாக ஒரு பேனலைத் திறந்து மூடக்கூட இன்னும் அனுமதி இல்லை. அவர்கள் கூடவே நின்று சொல்லிக்கொடுக்க, கையெழுத்துப் போடுகிற இன்னொருத்தனை விமானத்திலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். அப்படியானால் இரண்டு. "அவனுங்க பழகுற வரைக்கும் நான் லீவுல போனா இங்க ராத்திரி கையெழுத்துப் போட யாரு இருக்கா? நீ போடுதியா?"

கையெழுத்து என்று அவர் சொன்னது ஃபார்ம் 700-ல் போடுகிற கையெழுத்தை. விமானப்படைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த பழக்கம். என்ன வேலை நடந்தது, எந்தப் பழுது சரிசெய்யப்பட்டது, யார் செய்தார், யார் மேற்பார்வை பார்த்தார் என்று ட்ரேடு வாரியாகக் கையெழுத்தாகும். பறப்பைக் கட்டுப்படுத்தும் பாகங்களில் கை வைத்தால், செய்தவர் அல்லாமல் இன்னொருவரும் தனியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியாக விமானி அதைப் படித்துத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார். எவ்வளவு பெரிய அதிகாரி வந்து நின்றாலும், அந்தக் கட்டத்தில் கையெழுத்து இல்லை என்றால் விமானம் நகராது.

சார்ஜென்ட் போன பிறகு என் பட்டியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் தப்பில்லை. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை சரி, இருப்பவர்கள் எண்ணிக்கை சரி. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கிற ஒருவருக்கு, இந்தப் பிரிவு போன மாதத்தைவிட பலவீனமாகிவிட்டது என்பது தெரிய வழியே இல்லை. பலமாகிவிட்டது என்றுதான் தெரியும். பத்து வருஷம் விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்துக் கிடந்தவனும் நேற்று வந்தவனும் அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு தலை, அவ்வளவுதான். ராங்க் வாரியாகப் பிரித்துக் காட்டலாம், காட்டினோம். ஆனால் ராங்கும் பாதி உண்மைதான். மிக்-21-ல் கரைகண்ட ஒரு சார்ஜென்ட்டை வேறொரு விமானத்துக்கு மாற்றினால், அந்த விமானத்துக்கான கோர்ஸ் முடித்து, பழகி, அனுமதி வாங்கும் வரை அவரும் புதிய ஆள்தான். தோளில் மூன்று பட்டை இருக்கும், கையெழுத்துப் போட முடியாது.

அமெரிக்காவிலும் அதே கட்டம்

இதை என் யூனிட்டின் தலைவலி என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அமைப்பின் 2019 பிப்ரவரி அறிக்கை ஒன்று படிக்கக் கிடைத்தது. அமெரிக்க விமானப்படையின் விமானப் பராமரிப்பாளர்களைப் பற்றியது. இதையெல்லாம் ஓய்வுபெற்ற ஆள் எதற்குப் படிக்கிறார் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அங்கே ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு ஏர்மேனின் வேலைக் குறியீட்டிலேயே அவருடைய திறன் நிலை ஒரு இலக்கமாக உட்கார்ந்திருக்கும். ஐந்து எழுத்து, எண் கொண்ட குறியீடு; நாலாவது இடத்தில் 3 என்று இருந்தால் கற்றுக்கொள்கிறவர், 5 என்றால் வேலை தெரிந்தவர், 7 என்றால் வேலையும் தெரிந்து மற்றவர் வேலையைப் பார்த்துச் சொல்லவும் தகுதியானவர், 9 என்றால் அதற்கும் மேல். எங்கள் சார்ஜென்ட் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குப் புரியவைத்த விஷயத்தை அவர்கள் ஒரே ஒரு இலக்கத்தில் அடக்கி வைத்திருக்கிறார்கள். சரி, அப்படியானால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது என்று நினைப்பீர்கள். வந்தது.

2014-ல் அவர்கள் ஆட்குறைப்பு செய்தார்கள். அதே சமயத்தில் எஃப்-35 என்ற புதிய போர் விமானம் வந்துகொண்டிருந்தது. அதற்கு ஆள் வேண்டும். பழைய ஏ-10 விமானங்களை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவசாலிகளை எஃப்-35 பக்கம் நகர்த்தலாம் என்பது திட்டம். தாளில் அழகான திட்டம். ஆனால் ஏ-10-ஐ நிறுத்தக் கூடாது என்று நாடாளுமன்றம் மறித்துவிட்டது. விமானமும் போகவில்லை, ஆளும் நகரவில்லை. 2015 நிதியாண்டில் பராமரிப்பாளர் பணியிடங்களில் 4,016 காலி. உடனே புதிய ஆட்களை வேகமாக எடுத்தார்கள். 2017-ல் அந்தப் பள்ளம் 745 ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டே வருஷத்தில்! என் மேஜைப் பட்டியலில் இப்படி ஒரு மாற்றம் வந்திருந்தால் எனக்குப் பாராட்டுக் கடிதமே கிடைத்திருக்கும்.

ஆனால் தணிக்கையாளர்கள் அந்த நாலாவது இலக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். அதே 2017-ல், 5 நிலையில் 2,000 பேருக்கு மேல் குறைவு, 7 நிலையில் 400 பேருக்கு மேல் குறைவு. மொத்தக் குறைவு 745, உள்ளே இருக்கும் குறைவு 2,400-க்கும் மேல். இது எப்படிச் சாத்தியம்? 3 நிலைக்காரர்கள் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் வழிந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தலையெண்ணிக்கை மற்ற பள்ளங்களை மூடிக் காட்டியது. இன்னொரு பக்கம், அனுபவசாலிகள் சிவில் விமானக் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த அனுபவசாலிகள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே விமானத்தையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. பராமரிப்பாளர்களைத் தக்கவைத்துக்கொள்ள என்று தனியாக ஒரு திட்டமே அவர்களிடம் இல்லை என்பதுதான் அறிக்கையின் முக்கியமான குறை.

நெல்லைக்கார சார்ஜென்ட் ஸ்டூலில் உட்கார்ந்து போட்ட கணக்கு, ஆயிரக்கணக்கில் பெருக்கப்பட்டு அப்படியே இருந்தது. புதிய ஆள் வந்து சேருகிற நாளில் படையின் பலம் கொஞ்சம் குறைகிறது. அவன் பழகிய பிறகுதான் ஏறுகிறது. இடைப்பட்ட காலத்தை யாரோ ஒரு மூத்தவர் தன் நேரத்தால் ஈடுகட்டுகிறார். அந்த மூத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஒரு படை வருஷத்துக்கு எத்தனை புதியவர்களைத் தாங்கும் என்பதன் உச்சவரம்பு. பயிற்சிப் பள்ளியின் பெஞ்சுகளை அதிகப்படுத்தி இந்த வரம்பை உயர்த்த முடியாது.

நூறு பேர் கணக்கு

இப்போது அக்னிபத்துக்கு வருகிறேன். நாலு வருஷம், அதில் பயிற்சிக் காலமும் அடக்கம். முடிவில் 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள்; அவர்கள் குறைந்தது இன்னும் 15 வருஷம் இருப்பார்கள். மற்றவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேலான சேவா நிதி என்ற மொத்தத் தொகையோடு வெளியே. விமானப்படையில் முதல் தொகுதி 2022 டிசம்பரில் பெலகாவியில் பயிற்சிக்குப் போனது. ஆக 2026 கடைசியில் அவர்களுடைய நாலு வருஷம் முடிகிறது.

ஒரு கிளார்க்குக்கு இதைப் பார்த்ததும் பென்சில் எடுக்கத்தான் தோன்றும். ஒரு ட்ரேடில் வருஷத்துக்கு 100 பேரைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்துக்கு உட்பட்டவர்கள் 400 பேர். அதற்குப் பிறகு வருஷத்துக்கு 25 பேராக 15 வருஷம், 375 பேர். மொத்தம் 775. பழைய முறையில், எல்லோரும் 20 வருஷம் இருந்தால், இதே 775 பேரை வைத்திருக்க வருஷத்துக்குச் சுமார் 39 பேரைச் சேர்த்தால் போதும். அதில் நாலு வருஷத்துக்கு உட்பட்டவர்கள் ஏறக்குறைய 155. மற்ற 620 பேரும் பழகியவர்கள். ஆக, ஒரு இளையவருக்கு நாலு மூத்தவர் என்று இருந்த இடத்தில், ஒருவருக்கு ஒருவர்கூட இல்லை என்று ஆகிறது. எஸ்டாபிளிஷ்மென்ட் கட்டம் இரண்டிலும் ஒன்றுதான். ஸ்ட்ரெங்த் கட்டமும் ஒன்றுதான். பட்டியல் கூட்டினால் சரியாக வரும்.

இது என் கற்பனை எண்களில் போட்ட கணக்கு. படை எந்த ட்ரேடில் எத்தனை பேரை எடுக்கிறது என்பதைப் பொறுத்து உண்மை எண்கள் மாறும். விகிதம் போகிற திசையைத்தான் சொல்கிறேன். சராசரி வயது 4, 5 வருஷம் குறையும் என்பது அரசு முன்வைத்த நன்மைகளில் ஒன்று. மலையேறிச் சண்டை போடுகிற காலாட்படைக்கு அது நன்மையாக இருக்கலாம், அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. விமானங்களைச் சரிபார்க்கிற ஹேங்கருக்குள் நரைத்த தலை ஒரு சொத்து. கல்யாணச் சமையலுக்கு இருபது பையன்களைக் கூட்டி வந்துவிட்டு, உப்பு பார்க்கத் தெரிந்த தவசுப்பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டால் பந்தி எப்படி நடக்கும்?

எதிர்வாதம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. நாலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறபோது நல்லவர்களாகப் பார்த்து எடுக்கலாம்; பழைய முறையில் சுமாரானவரும் 20 வருஷம் உட்கார்ந்திருந்தார். எனக்கே அப்படிச் சிலரைத் தெரியும், அவர்களுடைய பி.ஓ.ஆரையும் நான்தான் டைப் அடித்தேன். புதிய விமானங்களுக்குப் பழக்கதோஷம் இல்லாத இளைஞர்கள் நல்லது என்றும் சொல்கிறார்கள். 1963-ல் வந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அந்த விமானத்தின் ஒவ்வொரு முனகலையும் அறிந்த கைகள் இனி வேறு விமானத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியவைதான். சூலூரில் நம் நாட்டிலேயே தயாரான தேஜஸ் போர் விமானங்களின் ஸ்குவாட்ரன்கள் (விமான அணிகள்) வந்தபோது அங்கே யாருக்கும் அந்த விமானத்தில் முப்பது வருஷ அனுபவம் இருந்திருக்க முடியாது. ஆனால் ஒரு விமானத்தில் பழுது தேடக் கற்ற மூளை அடுத்த விமானத்தில் வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் விமானத்தையே இன்னும் முடிக்காதவனுக்கு அந்த வேகம் வராது.

பத்திரிகைகளில் எப்போதும் 42 ஸ்குவாட்ரன் தேவை, மிக்-21 போன பிறகு 29தான் என்ற கணக்கு வருகிறது. விமானத்தை எண்ணுவது சுலபம். 2021 பிப்ரவரியில் 83, 2025 செப்டம்பரில் 97 என்று தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. இவை ஒவ்வொன்றாக வரும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபார்ம் 700 திறக்கப்படும். அதில் கையெழுத்துப் போடப் போகிற கைகளை இப்போதே வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணம் கொடுத்தால் எஞ்சின் கூடச் சீக்கிரம் வரலாம். எட்டு வருஷ அனுபவத்துக்கு எட்டு வருஷம் ஆகும்.

எனக்குப் படுவது இதுதான். 25 சதவீதம் என்ற ஒரே அளவை எல்லா ட்ரேடுக்கும் மாட்டக் கூடாது. ஆறு மாதத்தில் பழகிவிடுகிற ட்ரேடுக்கு அது போதும், என் பழைய ட்ரேடு உட்பட. கோபித்துக்கொள்ளும் கிளார்க் நண்பர்கள் மன்னிக்க. எஞ்சின், ஏர்ஃப்ரேம், எலெக்ட்ரானிக்ஸ், ஆயுதம் போன்ற ட்ரேடுகளில் எத்தனை பேரை வைத்துக்கொள்வது என்பதைக் கீழிருந்து கட்ட வேண்டும்: இந்த ஸ்குவாட்ரனில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை கையெழுத்து தேவை, அதைப் போடத் தகுதியானவர் உருவாக எத்தனை வருஷம், ஒவ்வொருவரும் எத்தனை இளையவர்களைத் தாங்குவார் என்று. அப்புறம் அந்த மாதப் பட்டியலில் நாலாவதாக ஒரு கட்டம். இந்த விமானத்தில் கையெழுத்துப் போடத் தகுதியானவர் எத்தனை பேர் என்று. ஒரு கட்டம் கூடினால் கிளார்க்குக்கு ஒன்றும் கை வலிக்காது.

என் தங்கை மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, அக்னிபத்தின் விமானப்படைப் பிரிவான அக்னிவீர்வாயுவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். சேரலாமா என்று கேட்டான். சேரு என்றுதான் சொன்னேன். தாம்பரத்திலோ ஜாலஹள்ளியிலோ அவனுக்குக் கிடைக்கிற தொழிற்பயிற்சியை எங்கள் ஊர்ப் பக்கத்தில் எந்தக் காலேஜும் தராது. பிறகு ஒரு கிளார்க் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றையும் சொன்னேன். நாலு வருஷம் முடியும்போது திறன் சான்றிதழ் தருவதாகத் திட்டத்திலேயே இருக்கிறது. 'ஃபிட்டர்' என்று ஒற்றை வார்த்தை எழுதினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. எந்த விமானம், எந்த சிஸ்டம், எந்தக் கோர்ஸ், எத்தனை மாதம் நேரடி வேலை என்று எழுதித் தரச் சொல்லிக் கேள். வெளியே சிவில் விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வாங்கப் போனால் அனுபவத்தைத் தாளில் காட்டச் சொல்வார்கள், அதற்கு மேல் சிவில் விமான அனுபவமும் கேட்பார்கள். மனசுக்குள் இருக்கிற அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை.

அவன் பொறுமையாகக் கேட்டான். "மாமா, எனக்கு இன்னும் ஆன்லைன் பரீட்சையே முடியல" என்றான். ஃபிசிக்ஸில்தான் பயமாம்.